ஆக்சிலரேட்டரை மிதிக்க ஓர் ஆள்

ஜெய்சல்மேர் முகாம்
12 ஆகஸ்ட் 2003

மகா,

நீ சொன்னபடியே இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்குப் போட்டால் அம்மா பக்கத்து வீட்டு சரளா அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். சாயங்காலத்துக்குள் கிரணின் ஜீப்புக்குக் காற்று இல்லை என்று ஸ்ரீராம்புரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆமாம், காற்றுதான் பிரச்சினை. சிரிக்காதே. காற்றாலை போடுவதற்கு எந்த இடத்தில் காற்று நன்றாக அடிக்கிறது என்று அளக்கத்தான் கம்பெனி என்னை இங்கே அனுப்பியது. அளக்கும் கம்பம் நடுகிற இடமெல்லாம் மணல். டயரில் முப்பது பவுண்டு காற்றோடு இறங்கினால் சக்கரம் தோண்டிக்கொண்டே புதைந்துவிடும். அதனால் மணல் தொடங்கும் இடத்தில் நான்கு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிடுகிறோம். டயர் சப்பையாகி ஒட்டகத்தின் பாதம் மாதிரி அகலமாகிறது, வண்டி மணல்மேல் மிதந்து போகிறது. சாயங்காலம் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பாமல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். பக்கத்துப் பஞ்சர் கடை முப்பது கிலோமீட்டர் தள்ளி.

இப்போதைக்குக் காலால் மிதிக்கும் பம்பு. நானும் ஷோபாவும் மாற்றி மாற்றி மிதிக்கிறோம். ஷோபாவைப் பற்றிச் சொன்னேனா? போன மாதம் சேர்ந்த இன்ஜினியர். நம்ம பெங்களூர் மல்லேஸ்வரம்தான், வீட்டில் தமிழ். உன்னை மாதிரியே புத்தகப் பைத்தியம். நான் பம்பு மிதிக்கும்போது அவள் தான் படித்த நாவலைக் கதையாகச் சொல்வாள். நேரம் போவதே தெரிவதில்லை.

வண்டியிலேயே காற்று நிரப்ப ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளக் கம்பெனி சம்மதித்துவிட்டது. இங்கே யாரிடம் விசாரிப்பது? உன் ஆபீஸ் லைப்ரரியில் இன்டர்நெட் இருக்கிறதே, பார்த்துச் சொல்லேன். எது நல்லது என்று நீயே தேர்ந்தெடு. நீ எடுத்தால் தப்பாது. என்னையே தேர்ந்தெடுத்தவள் ஆயிற்றே.

டிசம்பரோடு இங்கே வேலை முடிகிறது. பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன்.

கிரண்


எலெக்ட்ரானிக் சிட்டி
22 ஆகஸ்ட் 2003

என்னங்க,

இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை உங்கள் டயருக்குக் கொடுத்தேன். வெளிநாட்டில் இதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே வண்டியைச் சேற்றிலும் மணலிலும் இறக்கி மாட்டிக்கொண்டு, வெளியே வந்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எப்படிக் காற்று நிரப்புவது என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை. ஒருவர் இன்னொருவரை மூடன் என்று அழைக்காத பக்கமே இல்லை. படிக்கச் சுவையாக இருந்தது.

மொத்தத்தில் வழிகள் இவைதான். கரியமில வாயு அடைத்த சிலிண்டரை வண்டியில் கட்டிக்கொண்டு போகலாம். சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்தில் டயர் நிரம்பிவிடும், தீர்ந்தால் நகரத்துக்குப் போய்த்தான் நிரப்ப வேண்டும். பேட்டரியில் மாட்டுகிற சிறிய மின்சாரக் கம்ப்ரசர் இருக்கிறது. மெதுவாக வேலை செய்யும், சீக்கிரம் சூடாகும். பழைய கார் ஏசியின் கம்ப்ரசரைக் கழற்றி, ஜீப் இன்ஜினோடு பெல்ட் போட்டு ஓட்டுவது இன்னொன்று. பலமானது, வேகமானது, பொருத்துவதுதான் கஷ்டம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் திருகுகிற பம்பும் உண்டு. அது பெட்ரோல் வண்டிக்கு மட்டும்.

முடிவு சொல்லும் முன் சில விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஜீப் டீசலா, பெட்ரோலா? பானட்டுக்குள் இன்ஜின் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது? சிலிண்டர் நிரப்ப எந்த ஊருக்குப் போக வேண்டும், போனால் அன்றே திரும்ப முடியுமா? காற்று நிரப்பும்போது எத்தனை பேர் இருப்பீர்கள், யார் எங்கே இருப்பார்கள்?

அந்த இன்ஜினியர் என்ன நாவல் சொல்கிறார்? சும்மா கேட்கிறேன். லைப்ரரியில் வேலை செய்கிறவளுக்கு வரும் ஆர்வம்தான். நான் கதை சொன்னால் முதல் அத்தியாயத்துக்குள் குறட்டை விடுகிறவர் நீங்கள். உங்களை விழித்திருக்க வைக்கிற கதை எது என்று தெரிந்துகொள்ளலாம் என்று.

மகா


ஜெய்சல்மேர் முகாம்
2 செப்டம்பர் 2003

மகா,

நீ கேட்ட கேள்வியெல்லாம் வக்கீல் கேட்பது மாதிரி இருந்தது. வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஜீப் டீசல். அதனால் பிளக் ஓட்டைப் பம்பு கிடையாது. இன்ஜினுக்கு இடதுபக்கம் நல்ல இடம் இருக்கிறது. அளவெடுத்துப் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், புல்லி எங்கே, போல்ட் எங்கே என்று எல்லாம் அதில் இருக்கிறது.

சிலிண்டர் போடலாம் என்பது ஷோபாவின் யோசனை. அதை நிரப்ப ஜோத்பூர் போக வேண்டும். அன்றே திரும்ப முடியாது, ராத்திரி தங்கித்தான் வரணும். "போனா நல்ல சாப்பாடாவது கிடைக்கும், போலாம் கிரண்" என்கிறாள்.

எனக்குப் பிடித்தது ஏசி கம்ப்ரசர்தான். ஒரே ஒரு தொல்லை. அது ஓடும்போது இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். டாஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு, அதை இழுத்துவிட்டால் ஆக்சிலரேட்டர் மிதித்த மாதிரியே நிற்கும். எங்கள் ஜீப்பில் அந்தக் கேபிள் அறுந்துவிட்டது. அதனால் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தபடி இருக்க வேண்டும், இன்னொரு ஆள் வெளியே ஹோஸைப் பிடிக்க வேண்டும். ஷோபா மிதிப்பாள், நான் டயரைப் பார்த்துக்கொள்வேன். இன்ஜின் இரைச்சலில் கதையைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கதை என்னவென்று கேட்டாயே. கலங்கரை விளக்கத்தில் விளக்கு ஏற்றும் ஒரு பெண்ணின் கதை. புருஷன் கப்பலில் போயிருப்பான். பாதி ஆகியிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

கடைக்கு அலையாதே. சிவாஜிநகரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் முகேஷைப் பார். என்னோடு ஐடிஐ படித்தவன். நம்ம கல்யாணத்தில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோனதற்குக் காரணமானவன்.

கிரண்


எலெக்ட்ரானிக் சிட்டி
13 செப்டம்பர் 2003

என்னங்க,

மின்சாரக் கம்ப்ரசர் வாங்கி ஜோத்பூர் ரயிலில் பார்சல் போட்டுவிட்டேன். நீங்கள் ஏசி கம்ப்ரசர் கேட்டீர்கள் என்பது நினைவிருக்கிறது. நீயே தேர்ந்தெடு என்றும் சொன்னீர்கள்.

காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்காக ஊர் ஊராகப் போய்த் தங்குவது நடக்கிற காரியமில்லை. வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு திரிவதும் நல்லதல்ல. ஏசி கம்ப்ரசருக்கு பிராக்கெட் செய்ய வேண்டும், பெல்ட் வேண்டும், உள்ளே எண்ணெய் போட்டபடி இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆள் வேறு வேண்டும். மின்சாரக் கம்ப்ரசருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பேட்டரியில் இரண்டு கிளிப்பை மாட்டினால் போதும். யாருடைய தயவும் வேண்டாம், நீங்கள் ஒருவரே செய்துகொள்ளலாம். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

முகேஷ் கடைக்குப் போயிருந்தேன். நல்ல பேச்சுக்காரர். உங்கள் பெயரைச் சொன்னதுமே, "கிரணோட ஜீப்புல காத்து இல்லயா? அவன் வாயிலயே ஒரு டேங்கர் இருக்குமே!" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, இஞ்சி டீ வரவழைத்து, கடையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். கிளம்பும்போது நல்ல மழை. "நனஞ்சுட்டுப் போவீங்களா, நல்லாருக்கே!" என்று அவரே பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். அவருடைய ஜெர்கினையும் கொடுத்தார். இன்னும் திருப்பித் தரவில்லை.

அந்த விளக்குக்காரியின் கதையை நான் உங்களுக்குப் போன மழைக்காலத்தில் சொன்னேன். மூன்று தவணையாகச் சொன்னேன். கடைசித் தவணையில் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டீர்கள். அதனால் நினைவிருக்க வழியில்லை. இப்போது முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

மகா


ஜெய்சல்மேர் முகாம்
6 அக்டோபர் 2003

மகா,

கம்ப்ரசர் பத்திரமாக வந்தது. உனக்கு ஒரு கும்பிடு. கால் வலி போயிற்று.

மெதுவானதுதான், பொய் சொல்லவில்லை. ஒரு டயரை நிரப்பியதும் தொட முடியாத சூடாகிவிடுகிறது. ஆறவைக்காமல் அடுத்ததற்கு மாட்டினால் எரிந்துபோகும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறான். அதனால் தினமும் சாயங்காலம் தார் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஒரு வேலமரத்து நிழலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறோம். ஒரு டயர், பிறகு ஓய்வு. இன்னொரு டயர், மறுபடி ஓய்வு. இருட்டிவிடுகிறது. ஷோபா ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருகிறாள். முன்னே பம்பு மிதிக்கும்போது மூச்சு வாங்கும், பாதிக் கதை காதில் ஏறாது. இப்போது நிம்மதியாகப் பேச முடிகிறது. விளக்குக்காரி கதை முடிந்துவிட்டது. முடிவில் எங்களுக்குள் பெரிய தகராறு. இப்போது வேறொன்று ஆரம்பித்திருக்கிறோம். எல்லாம் உன் கம்ப்ரசர் புண்ணியம்.

இன்னொரு விஷயம். இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று கம்பெனி கேட்கிறது. பெரிய பொறுப்பு, பெரிய ஏரியா. ஷோபா சரி என்று சொல்லிவிட்டாள். நான் உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டிசம்பர் பாதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

பஸ் ஸ்டாண்ட் முகேஷ் கடையிலிருந்து நடக்கிற தூரம்தானே? அதற்கு எதற்கு பைக்? ஜெர்கினை அம்மாவிடம் கொடுத்தனுப்பு. நீ போக வேண்டாம்.

கிரண்


எலெக்ட்ரானிக் சிட்டி
16 அக்டோபர் 2003

அன்புள்ள திரு. கிரண் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கம்ப்ரசர் திருப்தியாக வேலை செய்வது அறிந்து மகிழ்ச்சி.

இரண்டு வருடம் இருப்பதா வேண்டாமா என்பதை அங்கே இருப்பவர்கள்தான் முடிவு செய்ய முடியும். தங்களுக்கு அங்கே நிழல், பாய், டீ எல்லாம் அமைந்திருப்பதாகத் தெரிகிறது. இங்கிருந்து நான் சொல்ல ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு அத்தைக்குப் புடவை எடுத்துவிட்டேன். எனக்கு எதுவும் வேண்டாம்.

ஜெர்கின் துவைத்துக் காயப் போட்டிருக்கிறது. காய்ந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மகாலட்சுமி


ஜெய்சல்மேர்
27 அக்டோபர் 2003

மகா,

முதலில் இதைப் படி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீபாவளி அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போடுவேன், உன்னை அங்கே வந்து நிற்கச் சொல்லுங்கள் என்று சரளா அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். உன் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்தது. திரு. கிரண் அவர்களாம். உன்னிடம் பேசியே ஆக வேண்டும் என்று வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்தோம். கம்ப்ரசரை ஆறவைக்க எனக்குப் பொறுமை இல்லை. முன் டயர் இரண்டையும் அடுத்தடுத்து நிரப்பி, மூன்றாவதற்கு மாட்டினேன். எரிந்த வாசனை வந்தது. நின்றுவிட்டது.

பின் டயர் இரண்டும் சப்பை. பம்பு முகாமில் கிடந்தது. மெதுவாகப் போகலாம் என்று ஷோபா சொன்னாள். நான் கேட்கவில்லை. பாதி வழியில் பின் டயர் வெடித்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு முள்மரத்தில் சாய்ந்து நின்றது. ஷோபாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அங்கிருந்து பூத்துக்கு ஓடிப்போய் எட்டு மணிக்குப் போன் போட்டேன். "மகா வீட்ல இல்லப்பா, எங்கயோ போயிருக்கா" என்றார் சரளா அக்கா. அவர் பின்னாலிருந்து உன் இருமல் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஷோபா கேட்டாள், இன்ஜின் கம்ப்ரசரைக் கேட்டுவிட்டு எதற்கு இதை வாங்கினீர்கள் என்று. காரணமெல்லாம் நீ எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தவள் கட்டுப் போட்ட கையோடு சிரித்தாள். "இதுல கம்ப்ரசரைப் பத்தி எங்க எழுதியிருக்கு கிரண்? முழுக்க என்னைப் பத்திதான்" என்றாள்.

நிஜமா, மகா?

அவள் கை ஆறும்வரை பெங்களூர் வருகிறாள். உன் ஆபீஸ் விலாசம் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

கிரண்


எலெக்ட்ரானிக் சிட்டி
5 நவம்பர் 2003

என்னங்க,

உங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையே? ஏதாவது இருந்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதுவீர்கள். தோள், கழுத்து எல்லாம் ஒழுங்காகக் காட்டிப் பார்த்தீர்களா?

சரளா அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஆறு மணியிலிருந்து போன் பக்கத்தில் நின்றேன். ஆறரை ஆயிற்று. தெருவெல்லாம் சரவெடி. ஏழு ஆயிற்று. பாய் விரித்து உட்கார்ந்தவருக்கு நேரம் போவது தெரியவில்லை என்று நினைத்தேன். எட்டு மணிக்கு மணி அடித்தபோது, இல்லை என்று சொல்லச் சொன்னேன். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து போன் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஷோபா சொன்னது சரி. அந்தக் கம்ப்ரசர் மெதுவானது, ஆறவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆள் வேண்டாம் என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது எனக்கு. அவருடைய கையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஆனால் நீங்கள் செய்தது? அத்தைகூடக் கேட்கக் கூடாது என்று ஆபீஸ் விலாசத்துக்கு எழுதச் சொன்னவள் நான். என் கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறீர்கள், அதுவும் அவரிடம். உலகத்தில் வேறு யார் படித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

மகா


ஜெய்சல்மேர் முகாம்
15 நவம்பர் 2003

மகா,

நான் செய்தது தப்பு. உன் கடிதத்தை டயர் சம்பந்தப்பட்ட காகிதம் என்று நினைத்துவிட்டேன். இனி உன் கடிதம் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். உன் எழுத்து எப்படி இருக்கும் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

தோள், கழுத்து எல்லாம் பார்த்தாயிற்று. நன்றாக இருக்கிறேன். மறுபடி கால் பம்புதான். தனியாக மிதிக்கிறேன். கதை சொல்ல ஆள் இல்லாததால் ஒவ்வொரு டயரும் லாரி டயர் மாதிரி இருக்கிறது. இதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ ஒன்று புரிந்துகொள். ஷோபாவைப் பற்றி நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருந்தால் பாய், டீ என்று எழுதியிருப்பேனா? நீ முகேஷைப் பற்றி எழுதினாய், ஸ்டூலைத் துடைத்தான், டீ வாங்கினான், ஜெர்கின் கொடுத்தான் என்று. அதைப் படித்துவிட்டு அன்று நான் நட்ட கம்பம் கோணலாகிவிட்டது. பிடுங்கித் திரும்ப நட்டோம். ஐடிஐயில் அவன் என் ஸ்பேனரையே திருப்பித் தந்ததில்லை.

டிசம்பர் பதினைந்தாம் தேதிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். நீ வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் வேண்டாம் என்று நீ வாயால் சொல்ல வேண்டும். இன்னொரு கம்ப்ரசரை அனுப்பிச் சொல்லாதே.

கிரண்


எலெக்ட்ரானிக் சிட்டி
28 நவம்பர் 2003

என்னங்க,

ஷோபா வந்திருந்தார். போன வாரம் மதியம், ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். கேன்டீனுக்கு அழைத்துப் போனேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"ஏன்?"

"கிரண் உங்களைப் பத்திப் பேசறதைக் கேட்டா ஆறடி இருப்பீங்கன்னு தோணும்."

கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவர் உடனே, "அத விடுங்க. ஒண்ணு கேக்கத்தான் இவ்ளோ தூரம் பஸ்ல வந்தேன். அந்த லைட்ஹவுஸ் கதையில கடைசில அவ என்ன பண்றா?" என்றார்.

"காத்திருந்து சலிச்சுப்போய் படகுக்காரனோட போயிடறா."

"அப்பாடா! நானும் அப்படித்தான் படிச்சேன். உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கவே இல்லைங்க. இல்ல, அவ அன்னிக்கும் விளக்கை ஏத்தி வெச்சுட்டு, தானே படகைத் தள்ளிக்கிட்டு அவனோட கப்பலைத் தேடிப் போறான்னு ஒரே சண்டை. எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேட்டா, 'புத்தகம் கெடக்குது, மகா சொன்னா'ங்கறார். கதையே தெரிஞ்ச மனுஷன் எதுக்கு இத்தனை நாள் கேட்டாருன்னு எனக்கு எரிச்சலாயிடுச்சு. கேட்டா, 'நீங்க சொல்றது சரியா வருதான்னு பாத்துட்டு இருந்தேன்'ங்கறார்!"

அந்த முடிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிய பிறகு, தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து, சும்மா நானாக மாற்றிச் சொன்னது. புத்தகத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் சொன்னேன்.

கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு அழக் கூடாது என்று தண்ணீர் குடித்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சந்தோஷம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருந்தது. உடனே, எனக்கும் அந்தச் சுவருக்கும் மட்டும் தெரிந்த முடிவை ஜெய்சல்மேர் ரோட்டோரத்தில் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களே என்று கோபம் வந்தது. கடிதத்தைக் காட்டியதை மன்னித்துவிட்டேன். இதை இன்னும் இல்லை.

கிளம்பும்போது ஷோபா, "நல்ல மனுஷர். ரொம்ப நாள் தனியா விடாதீங்க" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கைக்கட்டின் முடிச்சைப் பார்த்தார். என் சந்தேகம் முழுக்க வீண் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. அதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. நீங்களும் அவரிடம் கேட்காதீர்கள். அது அவருடையது. அதை மனதில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்து அந்தக் கதையைச் சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை முகேஷ் கடைக்குப் போனேன். ஜெர்கினைக் கொடுத்துவிட்டு உங்கள் படத்தை நீட்டினேன். ஒரு பழைய காரிலிருந்து ஏசி கம்ப்ரசர் எடுத்து, அந்த அளவுக்கே பிராக்கெட் வெல்டிங் செய்து கொடுத்தார். அவருடைய ஜீப்பில் கட்டிச் சோதித்துப் பார்த்தோம். அவர் வெளியே ஹோஸைப் பிடித்தார், நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். முதலில் அதிகமாக மிதித்துவிட்டேன். "அண்ணி, மெதுவா! இது டயரு அண்ணி, பலூன் இல்ல!" என்று கத்தினார். ஆம், முதல் நாளிலிருந்து அவர் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். அதை எழுதாமல் விட்டுவிட்டேன். உங்கள் கம்பம் கோணியதற்கு நான்தான் பொறுப்பு.

டயர் சீக்கிரமே நிரம்பிவிட்டது. இரைச்சல் அதிகம்தான், பேசினால் கேட்காது. ஆனால் பேசி முடிக்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு வேகம்.

கடைசியாக முகேஷ் ஒரு கேபிளை எடுத்து வைத்தார். "இதையும் எடுத்துக்கங்க அண்ணி. டாஷ்போர்டுல மாட்டி இழுத்து வுட்டா ஆக்சிலரேட்டர் அப்படியே நிக்கும். மிதிக்க ஆளே தேவையில்ல."

செப்டம்பரில் அதைப் பார்த்திருந்தால் என்ன விலை சொன்னாலும் வாங்கியிருப்பேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இது வேண்டாங்க" என்றேன்.

கம்ப்ரசரைப் பார்சலில் போடவில்லை. ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி ஜோத்பூர் வந்து சேரும் ரயிலில் நானே கொண்டுவருகிறேன். அத்தையிடம் சொன்னபோது, "போ போ, அவன் டயருக்குக் காத்து அடிக்கிறேன்னு போயி அவனயே நாலு அடி அடிச்சுட்டு வா" என்றார்.

இரண்டு வருட விஷயத்துக்கு நான் வரும்வரை வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். அந்த மணலை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த வேலமரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே லைப்ரரி இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். இல்லாவிட்டால், எத்தனை புத்தகம் கொண்டுவர முடியும் என்று சரளா அக்கா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

ஷோபாவின் கை முழுதாக ஆற இன்னும் சில வாரம் ஆகுமாம். நன்றாக ஆறட்டும், அவசரம் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். புரிந்துகொண்டு சிரித்தார்.

ஸ்டேஷனுக்கு ஜீப்பிலேயே வாருங்கள். யாராவது கேபிளை மாட்டித் தருகிறேன் என்று வந்தால், வேண்டாம், ஆள் வருகிறது என்று சொல்லிவிடுங்கள்.

மகா